பழியெல்லாம் சிக்கலுக்கே

1987-இல் அமெரிக்காவின் சிட்டிகார்ப் வங்கிக்குத் திடீரென்று ஞானதாகம் எடுத்தது. லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு அள்ளிக் கொடுத்த கடன் திரும்பாது என்று உறைத்து, அந்த மே மாதம் 300 கோடி டாலரை ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் மேதாவிகளில் ஒருவர்கூட எச்சரிக்கவில்லையே என்று தலைவர் ஜான் ரீடுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். நியூ மெக்சிகோவில் சாண்டா ஃபே என்ற ஊரில் 1984-இல் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியிருந்தார்கள். இயற்பியல்காரரும் உயிரியல்காரரும் கணினிக்காரரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, எறும்புப் புற்றுக்கும் மூளைக்கும் பங்குச் சந்தைக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். சிக்கல் அமைப்புகள் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். ரீட் பணம் கொடுத்தார். செப்டம்பரில் பிலிப் ஆண்டர்சனும் கென்னத் ஆரோவும் ஆளுக்கொரு படையைத் திரட்டிவர, நோபல் பரிசு பெற்ற அந்த இருவர் முன்னிலையில் இயற்பியலும் பொருளாதாரமும் நாட்கணக்கில் மோதின.

அந்தப் படிப்பின் சாரம் ஒன்றும் வேதரகசியம் இல்லை. ஒவ்வொரு உறுப்பும் ஒழுங்காக இருந்தாலும் மொத்தமும் கவிழலாம். இணைப்பு இறுக இறுக, ஒரு மூலையில் விட்ட விரிசல் மறு மூலைவரை ஓடும். ஆகவே தடுப்புச் சுவர் வை, இடைவெளி விடு.

காசு கொடுத்துப் பாடம் கேட்ட வங்கி அதை எப்படிக் கடைப்பிடித்தது? 1998-இல் அதே ரீட், காப்பீடும் பங்கு வியாபாரமும் நடத்திய டிராவலர்ஸ் நிறுவனத்தோடு வங்கியை இணைத்து, சிட்டிகுரூப் என்ற ராட்சசனைப் பெற்றெடுத்தார். மக்கள் போட்ட வைப்புத்தொகையையும் சந்தைச் சூதாட்டத்தையும் ஒரே கூரைக்குள் வைக்காதே என்று சொன்ன 1933-ஆம் ஆண்டின் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் குறுக்கே நின்றது. பாமரன் என்றால் சட்டத்துக்கு ஏற்றபடி தொழிலை மாற்றியிருப்பான். இவர்கள் தொழிலுக்கு ஏற்றபடி சட்டத்தை மாற்றினார்கள், மறு வருடமே. அந்த மாற்றத்துக்குத் துணைநின்ற நிதிச் செயலர் ராபர்ட் ரூபின், பதவியை விட்டு இறங்கி, அதே 1999-இல் சிட்டிகுரூப்பிலேயே போய் அமர்ந்தார். அடுத்த பத்து வருடத்துக்குள் அவர் பெற்றது 10 கோடி டாலருக்கும் மேல். அந்தத் தடுப்புச் சுவரை இடித்ததில் எந்தச் சிக்கலும் எழவில்லை என்பதைக் கவனிக்க.

அப்புறம் தொடங்கியது சமையல். வருமானச் சான்று கேட்காமல் கொடுத்த வீட்டுக் கடன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. மூட்டையை அடுக்கு அடுக்காக அறுத்தார்கள். தவணை தவறினால் முதல் அடி கீழ் அடுக்குக்கு, கடைசி அடி மேல் அடுக்குக்கு. மேல் அடுக்குக்கு, மிகப் பாதுகாப்பானது என்று சொல்லும் மூன்று ‘ஏ’ முத்திரை. கீழ்ப்பக்கம் விற்காமல் தங்கியதை என்ன செய்வது? காலையில் மீந்த இட்லியை மாலையில் உதிர்த்து உப்புமாவாகக் கிண்டி ‘இன்றைய ஸ்பெஷல்’ என்று பலகை எழுதுகிற ஹோட்டல்காரரின் வழிதான். பல மூட்டைகளின் அடித்தங்கலைச் சேர்த்து இன்னொரு மூட்டை. அதை மறுபடி அறுத்தால், அதன் பெரும்பகுதிக்கும் மூன்று ‘ஏ’. ஹோட்டல்காரருக்காவது தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். சாப்பிடுகிறவருக்கும் வாசனையில் பிடிபட்டுவிடும். முத்திரை குத்திய ரேட்டிங் நிறுவனம் ஒன்றின் ஊழியர் 2007-இல் சக ஊழியருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி பிற்பாடு விசாரணையில் வெளிவந்தது: மாடுகள் உட்கார்ந்து தயாரித்த பத்திரமாக இருந்தாலும் நாம் மதிப்பெண் போட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தார். மாடுகள் மேல் வழக்கு இல்லை. அவை போனஸும் வாங்கவில்லை.

கடன்கள் திரும்பாமல் மொத்தமும் கவிழ்ந்த பிறகு, யாரும் எச்சரிக்கவில்லை என்று ஊரெல்லாம் சாதித்தார்களே, அது அடுத்த பொய். இயற்பியல் படித்துச் சூழலியலுக்கு வந்த ராபர்ட் மே, ஓர் அமைப்பில் இணைப்புகள் கூடக்கூட அது தானாக நிலைபெற்றுவிடாது, ஆட்டம் காணலாம் என்று 1972-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர். 2006-இல் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வே அறிவியல் கழகத்தோடு சேர்ந்து கூட்டம் போட்டு, சூழலியல்காரர்களையும் பொறியாளர்களையும் கூப்பிட்டு வைத்து, மொத்த அமைப்பும் எப்படிக் கவிழும் என்று கேட்டது. 2008 பிப்ரவரியில் மேயும் இரு தோழர்களும் ‘நேச்சர்’ இதழில், வங்கிக்காரர்களுக்குச் சூழலியல் என்ற பொருளிலேயே தலைப்பிட்டு எழுதினார்கள். அமெரிக்க வங்கிகளுக்கிடையே ஒரு நாளில் கைமாறும் தொகையில் 75 சதவீதம் வெறும் 66 வங்கிகளின் வலைக்குள் சுற்றுகிறது என்ற செய்தியும் அதில் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி விழுந்தது. கட்டுரை வந்து ஏழு மாதம்.

அதற்கு முந்தைய ஆண்டே கோல்ட்மன் சாக்ஸ் வங்கியின் நிதித் தலைவர், தங்கள் நிதியங்கள் அடிவாங்கியதற்கு விளக்கம் சொல்லியிருந்தார்: 25 திட்ட விலக்கம் அளவுக்கு ஆட்டம், அதுவும் தொடர்ந்து பல நாள். புள்ளியியல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவருடைய சூத்திரத்தின்படி, பிரபஞ்சம் பிறந்த நாளிலிருந்து தினமும் சந்தை நடந்திருந்தாலும் அப்படி ஒரு நாள் வந்திருக்கக் கூடாது. அது வாரக் கடைசிக்குள் பலமுறை வந்துவிட்டது. சூத்திரம் தப்பு என்று எந்த மாணவனும் சொல்வான். இந்தக் கனவான்களுக்கோ பிரபஞ்சம் தப்பு.

பிறகு நடந்த நாடகத்தின் உச்சக் காட்சி ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம். அரசு 8,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. அதுவும் போதாமல் மேலே மேலே ஊற்றியது. 2009 மார்ச்சில், நிறுவனத்தைக் குழியில் தள்ளிய அதே பிரிவுக்கு 16.5 கோடி டாலர் போனஸ். ஏன் என்று கேட்டார்கள். ஒப்பந்தங்கள் அத்தனை சிக்கலானவை, கட்டியவர்களை விட்டால் பிரிக்க ஆள் இல்லை என்ற தொனியில் பதில் வந்தது. வீட்டைக் கொளுத்தியவனுக்கே எந்த அறையில் எவ்வளவு பெட்ரோல் ஊற்றினான் என்று தெரியும், ஆகவே தீயணைப்பு வேலையும் அவனுக்கே, சம்பளம் ஊராரிடம்!

சிட்டிகுரூப்பும் கையேந்தியது. இரண்டு தவணையில் 4,500 கோடி டாலர். சிக்கல் அமைப்புப் படிப்புக்குக் கட்டணம் செலுத்திய அதே வங்கி. ரீட் 2009-இல் மன்னிப்புக் கேட்டார். ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் கேட்டாரே, மற்றவர்களில் பலரிடம் அதுவும் இல்லை.

லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்கு 2008 நவம்பரில் வந்த எலிசபெத் ராணியார், யாரும் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டுவைத்தார். அடுத்த ஜூலையில் பிரிட்டிஷ் அகாடமி அவருக்குக் கடிதம் எழுதியது. பல புத்திசாலிகளின் கூட்டுக் கற்பனை தவறிவிட்டதாம். முழு அமைப்பின் ஆபத்து யார் கண்ணிலும் படவில்லையாம். கூட்டாக மறந்தால் யாருக்கும் தண்டனை இல்லை. போனஸை மட்டும் ஏன் கூட்டாக வாங்கவில்லை? அது தனித்தனிக் கணக்கில் பைசா பிசகாமல் போய்ச் சேர்ந்ததே!

இதில் ஏமாந்தது அந்தப் படிப்பும்தான். உறுப்பைப் பார்த்தால் மட்டும் போதாது என்று அது சொன்னதை, எந்த உறுப்பும் குற்றவாளி இல்லை என்று திரித்துக்கொண்டார்கள். மருந்துச் சீட்டும் அதே லட்சணம். கிளாஸ்-ஸ்டீகல் சட்டம் 37 பக்கம். 2010-இல் வந்த டாட்-ஃபிராங்க் சட்டம் 848 பக்கம். இந்த வித்தியாசத்தை 2012-இல் எடுத்துக்காட்டியவர் இங்கிலாந்து வங்கியின் ஆண்ட்ரூ ஹால்டேன். அந்தப் பக்கங்களுக்குள் சந்து கண்டுபிடித்துக் கொடுக்கும் வக்கீல்களை வைத்துக்கொள்ள யாரிடம் பணம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

ஆனால் கடன்காரனின் வாசலில் இவர்களுக்கு எந்தச் சிக்கலும் குறுக்கிடவில்லை. மூட்டைக்கு மேல் மூட்டை கட்டியதில் எந்த வீட்டின் அடமானப் பத்திரம் யார் கையில் என்று வங்கிகளுக்கே பல இடங்களில் தெரியாது. அதனால் என்ன? ஆவணங்களைத் தானே சரிபார்த்ததாகப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட ஆள் வைத்தார்கள். ஓர் ஊழியர் மாதம் 10,000 கையெழுத்து போட்டதாக வாக்குமூலம் கொடுத்தார். ஒரு குடும்பத்தை வீதிக்கு அனுப்ப ஒரு நிமிடம். விஷயம் 2010-இல் நாறியது. 2012-இல் ஐந்து வங்கிகள், சிட்டியும் சேர்த்துத்தான், 2,500 கோடி டாலருக்குச் சமரசம் பேசி முடித்தன. அதிலிருந்து, வீட்டை இழந்தவர்களுக்கு 2013-இல் ஆளுக்கு ஏறக்குறைய 1,480 டாலருக்குக் காசோலை வந்தது.