பிங்க் துளியைத் துரத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

வடக்கு மினசோட்டாவில், வெர்மிலியன் ஏரிப் பக்கம் கேம்பர் டிரெய்லர் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு இரண்டு திருநாள். மே மாத நடுவில் ஒரு சனிக்கிழமை: அன்றுதான் வால்ஐ மீன் பிடிக்க அனுமதி தொடங்கும். அக்டோபர் மூன்றாம் வாரம் இன்னொன்று: ஆசிரியர் சங்க மாநாட்டுக்காகப் பள்ளிகள் மூடியிருக்கும் நீண்ட வார இறுதி. முன்னதில் டிரெய்லரின் குழாய்களைத் திறப்பார்கள். பின்னதில் தண்ணீரை வடித்து, பனிக்காலத்துக்குக் கட்டிவைப்பார்கள். பின்னதில் செய்த பாவம் முன்னதில் ஒழுகும். மே மாதம் அழ வேண்டியதை அக்டோபரிலேயே அழுது முடித்துவிட நினைக்கும் முன்யோசனைக்காரர்களுக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

முதல் தேவை மனப்பக்குவம். ஒழுகலைப் பார்த்ததும் யாரையாவது திட்டத் தோன்றும், அடக்க வேண்டாம். அமெரிக்காவில் ஓடும் இத்தகைய வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரத்தில் செய்யப்படுபவை. ஆகவே திட்டுவதற்கு ஒரே ஊர் போதும், அலைய வேண்டியதில்லை. அரைமணி நேரம் எல்க்ஹார்ட்டைத் திட்டுங்கள். பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுங்கள்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தோம், எல்லோரும் மறந்தோம். குழாய் மட்டும் மறப்பதில்லை. ஆனால் பலர் நினைப்பதுபோல், பனிக்கட்டி உட்கார்ந்த இடத்திலேயே குழாய் வெடிப்பதும் இல்லை. குழாயின் நடுவில் உறையும் கட்டி, தனக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை மூடிய குழாய்த்தலையை நோக்கித் தள்ளுகிறது. போக்கிடம் இல்லாத அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறி ஏறி, இருப்பதில் பலவீனமான இடத்தைப் பிளக்கிறது. பெரும்பாலும் அது ஒரு பிளாஸ்டிக் இணைப்பு, அல்லது குழாய்த்தலையின் உள்ளுறுப்பு. இப்போதைய டிரெய்லர்களில் ஓடும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் ஓரளவு நெகிழ்ந்து கொடுத்துத் தப்பிவிடும். மாட்டிக்கொள்வது அதன் இணைப்புகள். எனவே வண்டியிலேயே குளிரான மூலையைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் ஒரு மணி நேரம் ஆராய்ந்தீர்கள் என்றால், குளிர் மட்டும் கிடைக்கும்.

அடுத்து, மருந்து வாங்குதல். கடைகளில் செப்டம்பரிலேயே பிங்க் நிற கேலன்கள் மலைபோல் அடுக்கப்பட்டிருக்கும். குடிநீர்க் குழாய்க்கென்றே செய்யப்படும் உறைதடுப்பான் அது. தரமானதில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால். காருக்கு ஊற்றும் பச்சை நிறச் சமாசாரம் வேறு. அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதுவும் இனிக்கும் விஷம். ‘வீட்டில் ஏற்கெனவே ஒரு கேன் இருக்கிறதே’ என்ற சிக்கன புத்தியை இந்த ஒரு விஷயத்தில் அடக்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் மலிவாக ஒன்றைக் காட்டி, ‘இதுவும் பிங்க்தான்’ என்பார். லேபிளைப் படித்துப் பாருங்கள். சாராய வகை கலந்ததாக இருந்தால் ரப்பர் வாஷர்களை நாளடைவில் காயவைத்துவிடும். புரோப்பிலீன் கிளைக்காலோ அவற்றுக்கு எண்ணெய் போட்டதுபோல் இதமாக இருக்கும்.

லேபிளில் மைனஸ் 50 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். நம்பலாம், கொஞ்சம் நிதானத்துடன். அது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை. திரவம் திரவமாகவே இருக்கும் எல்லை அல்ல. அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும். கூழானால் பரவாயில்லை, கூழ் குழாயைப் பிளக்காது. தவிர, அந்தக் கணக்கு சுத்தமான பிங்குக்கு. குழாயில் ஏற்கெனவே கிடக்கும் தண்ணீரோடு கலந்துவிட்டால் லேபிள் பொறுப்பேற்காது. வெர்மிலியன் ஏரியை ஒட்டிய டவர் என்ற சிற்றூரில் 1996 பிப்ரவரி 2 அன்று மைனஸ் 60 பதிவானது. செல்சியஸில் சொன்னால் மைனஸ் 51. மாநிலத்தின் சாதனைக் குளிர் அது. லேபிள் எழுதியவர் டவர் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

எத்தனை கேலன் வேண்டும்? சாதாரண டிரெய்லருக்கு இரண்டு அல்லது மூன்று. மரபுப்படி நீங்கள் ஒன்று வாங்குவீர்கள். பாதி வேலையில் திரும்பவும் கடைக்குப் போவீர்கள். அதற்குள் அக்கம்பக்கத்தார் அடுக்கைக் காலி செய்திருப்பார்கள்.

இப்போது ஒழுகல். இந்தத் துறையில் மிகவும் புகழ்பெற்ற ஒழுகல், உண்மையில் ஒழுகலே அல்ல. அதை முதலில் பார்த்துவிடுவோம். பம்பை ஓட்டுகிறீர்கள். பிங்க் திரவத்தை உறிஞ்சுகிறது. ஒரு கேலன் காலி. குழாய்த்தலையில் வருவது வெறும் தண்ணீர். இரண்டாவது கேலனும் காலி. இன்னும் தண்ணீர்தான். ‘எங்கோ பெரிய ஓட்டை!’ என்று கூவிக்கொண்டு நீங்கள் வண்டிக்கு அடியில் பாய்வீர்கள். அடியில் சொட்டு ஈரமில்லாத தரை. திரவம் எங்கே போயிற்று? வெந்நீர்க் கலத்துக்குள். ஆறு கேலன் கொள்ளளவு கொண்ட அந்தக் கலம், நீங்கள் பைபாஸ் வால்வைத் திருப்ப மறந்ததால், ஊற்றுவதையெல்லாம் வாங்கி அமைதியாக வைத்துக்கொள்ளும். நீங்கள் பத்து கேலன் கலம் உள்ள வசதியானவர் என்றால் நஷ்டமும் வசதியாக இருக்கும். கலத்தை வடித்து, குளிர்நீர் வழியையும் வெந்நீர் வழியையும் மூடி, நடுவிலிருக்கும் குறுக்கு வழியைத் திறப்பதே முறை. சில வண்டிகளில் மூன்று வால்வு, சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஒன்று. எத்தனை இருந்தாலும் அவற்றை ஒரு பலகைக்குப் பின்னால், நான்கு திருகு போட்டு மறைத்திருப்பார்கள். எல்க்ஹார்ட்டைத் திட்ட மிச்சம் ஏதாவது வைத்திருந்தீர்கள் என்றால் இங்கே பயன்படும்.

கலத்தை வடிப்பதற்கு முன் அது ஆறியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தத்தையும் வெளியேற்றிவிடுங்கள். இதில் மட்டும் கேலிக்கு இடமில்லை: சூடான கலத்தின் அடைப்பானைக் கழற்றுபவர் மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு குளிர்காலத்தை வரவேற்பார். எஃகுக் கலமாக இருந்தால் அடைப்பானோடு ஒரு நீண்ட உலோகக் கம்பியும் வெளியே வரும். துருப்பிடித்து, குழி விழுந்து, பாதி கரைந்திருக்கும். ‘ஐயோ, கெட்டுவிட்டது’ என்று பதற வேண்டாம். கலம் கரையாமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வதே அந்தக் கம்பியின் உத்தியோகம். முக்கால்வாசி தேய்ந்திருந்தால் புதியதைப் போட்டுவிடுங்கள். அலுமினியக் கலத்தில் அப்படிக் கம்பி இருக்காது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

உண்மையான ஒழுகலுக்கு நம்பகமான சாட்சி ஒன்று உண்டு: பம்பு. எல்லாக் குழாய்த்தலைகளையும் மூடிவிட்டு பம்பைப் போடுங்கள். கரகரவென்று ஓடி, குழாயில் அழுத்தம் 45 முதல் 55 பி.எஸ்.ஐ. வரை ஏறியதும் தானாக நின்றுவிட வேண்டும். நின்ற பிறகு வண்டிக்குள் யாரும் பேசக் கூடாது. வானொலியில் மினசோட்டாவின் வைக்கிங்ஸ் அணி ஆட்டம் ஓடினாலும் அணைத்துவிடுங்கள். அவர்கள் தோற்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். சில நிமிடம் கழித்து யாரும் எதையும் திறக்காமலே பம்பு ‘டுர்ர்’ என்று ஒரு குட்டித் தும்மல் போட்டால், அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்று பொருள். அந்தத் தும்மலைக் குடும்பத்தார் எல்லோரும் கேட்டிருப்பார்கள், நீங்கள் மட்டும் ‘காற்று’ என்பீர்கள்.

சொட்டு எங்கும் இல்லை, தும்மல் மட்டும் வருகிறதா? மூன்று இடம் பாருங்கள். கழிப்பறைக் கோப்பையில் கேட்காமலே தண்ணீர் கூடுகிறதா? வெளிச்சுவரில், ஊர்த் தண்ணீர்க் குழாயை மாட்டும் வாயில் ஈரம் இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பம்புக்குள்ளேயே இருக்கும் ஒருவழி வால்வு தளர்ந்து, தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

இதைவிடக் குழப்பமான நோய் இன்னொன்று. பம்பு நிற்காமல் அலறும். ஆனால் ஒரு சொட்டு பிங்க்கூட ஏறாது. இது சொட்டாத ஒழுகல். பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் விரிசல் விழுந்தால் தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். பம்பு காற்றை மென்றுகொண்டே இருக்கும். பம்பின் வாயில் ஒரு சின்னக் கண்ணாடி நிற வடிகட்டிக் கிண்ணம் இருக்கிறதே, அதுதான் வழக்கமான குற்றவாளி. போன குளிர்காலத்தில் அதன் அடியில் தங்கிய ஒரு மடக்குத் தண்ணீர் உறைந்து, முடி அளவு கீறியிருக்கும். அல்லது அதன் ரப்பர் வளையம் சரியாக உட்காராமல் இருக்கும். மரபுவழித் தீர்வு: புதுப் பம்பு வாங்குவது. அதை மாட்டியதும் அதுவும் அதேபோல் அலறும். அப்போதுதான் கிண்ணத்தின் நினைவு வரும். வரிசையை மாற்றி, கிண்ணத்தை முதலில் கழற்றிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்வி.

வண்டியின் அடிவயிற்றுக்கு வருவோம். பல டிரெய்லர்களில் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு நெளிபிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருப்பார்கள். மேலே எங்கு ஒழுகினாலும் தண்ணீர் அதன்மேல் ஓடி, தாழ்ந்த இடத்தில் தேங்கும். மழை நாளில் கல்யாணப் பந்தல் துணி தொங்குவதுபோல் தகடு தொங்கும். புதியவர் அந்தத் தொந்திக்கு நேர் மேலே இருக்கும் இணைப்பைச் சந்தேகிப்பார். அது நிரபராதி. தண்ணீர் எட்டடி தள்ளிப் புறப்பட்டிருக்கலாம். தகட்டில் சின்னதாக ஒரு துளை போட்டு வடியவிடுங்கள். துளை போடும்போது அதற்கு நேர் கீழே படுக்காதீர்கள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்தான்.

பிங்க் திரவத்தின் உண்மையான அருமை இந்த இடத்தில்தான் தெரியும். தண்ணீருக்கு நிறம் இல்லை. காய்ந்தால் தடயமும் இல்லை. பிங்க் அப்படியல்ல, போன வழியெல்லாம் கறை வைத்துவிட்டுப் போகும். ஒவ்வோர் இணைப்புக்கும் அடியில் வெள்ளை டிஷ்யூ தாளை விரித்துவிட்டு, பம்பின் அழுத்தத்தில் குழாய்களை விட்டுவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். எந்தத் தாள் வெட்கப்பட்டிருக்கிறதோ அங்கே வேலை.

வேலை என்றதும் பெரிய ஸ்பேனரைத் தேடுவீர்கள். வேண்டாம். பிளாஸ்டிக் சுழல்மரை இணைப்புகளைக் கையால் இறுக்கி, மேலே ஒரு கால் சுற்றுச் சுற்றினால் போதும். தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் கூம்பு வாஷர். மரை அதை அழுத்திப் பிடிப்பதோடு சரி. ஆகவே மரையில் வெள்ளை டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றுவதால் பூஜை செய்த திருப்தி கிடைக்கும், ஒழுகல் நிற்காது. பலம் காட்டுபவர்கள் மரையைப் பிளந்து, ஒரு சொட்டை ஓடையாக்கிய வரலாறு ஒவ்வொரு முகாமிலும் உண்டு. உங்கள் வண்டி பழையது, குழாய் சாம்பல் நிறம் என்றால் அது பாலிபியூட்டிலீன் ஆக இருக்கலாம். 1978 முதல் 1995 வரை புழக்கத்தில் இருந்து, இணைப்புகள் விட்டுப்போய், அமெரிக்க நீதிமன்றம்வரை போன சரக்கு. அதில் ஓர் இடத்தை ஒட்டினால் பக்கத்து இடம் கேட்கும். மாற்றிவிடுவதே மானம்.

காற்றடித்துத் தண்ணீரை வெளியேற்றும் முறையும் உண்டு, நல்ல முறைதான். ஏதாவது ஒரு குழாய்த்தலையைத் திறந்துவைத்து, 30, 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகாமல் அடிக்க வேண்டும். ஆனால் கம்ப்ரஸர் இரவல் தரும் பக்கத்து வண்டிக்காரர் கூடவே ஆலோசனையும் தருவார். அவருடைய கம்ப்ரஸர் 120 வரை ஏறும் என்பதில் அவருக்குப் பெருமை. முள்ளைக் குறைத்து வைக்கச் சொன்னால் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் மே மாதம் ஒழுகினால், குழாயில் பல் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். எலிகளுக்கு பெக்ஸ் பிடிக்கும். இரும்புக் கம்பளியால் சந்துகளை அடைப்பவர்கள் உண்டு, துணி உலர்த்தியில் போடும் வாசனைத் தாளை வண்டி முழுக்கப் பரப்புபவர்கள் உண்டு. பின்னதைச் செய்தவர்களின் எலிகள் அந்தத் தாளிலேயே கூடு கட்டி மணக்க மணக்கக் குடியிருக்கின்றன. அடைப்பதே மேல்.

இனி பிங்க் ஓட்டும் வரிசை. பம்புக்குத் தூரத்தில் இருக்கும் குழாய்த்தலையில் தொடங்கி, குளிர்நீர் வெந்நீர் இரண்டையும் நிறம் வரும்வரை திறந்து மூடிக்கொண்டே வாருங்கள். சமையல் தொட்டி, கைகழுவும் தொட்டி, ஷவர், கழிப்பறை. ஒவ்வொரு வடிகால் வளைவிலும் ஒரு கோப்பை ஊற்றுங்கள். பம்பை அணைத்து, அழுத்தத்தை இறக்கி, குழாய்த்தலைகளைத் திறந்தே விடுங்கள். பைபாஸ் வால்வு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, சமையல் தொட்டியின் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். மே மாதம் வருபவர் நீங்கள்தான் என்றாலும், அவருக்கு எதுவும் நினைவிருக்காது.

வண்டியைப் பூட்டும்போது வெளிச்சுவரில் ஒரு சின்ன மூடி கண்ணில் படும். மணல் காலைக் கழுவ வைத்த வெளி ஷவர் அது. சாவி தொலைந்து வெகுநாள் ஆகியிருக்கும். அதற்குள்ளும் இரண்டு வால்வு இருக்கிறது, இரண்டிலும் தண்ணீர் நிற்கிறது. திருப்புளியால் நெம்புங்கள். பம்பை மறுபடி போடுங்கள். பிங்க் தீர்ந்துவிட்டதா? கடை ஐந்து மணிக்கு மூடிவிடும்.