அந்தக் கை எது மேல இருக்கு?

ஓவியம், சிற்பம் பார்ப்பது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். "பெயரைப் போட்டுவிடாதீர்கள், ஊர் போதும்" என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் அதே நியாயம்.

கே: நண்பர் ஒருவர் என்னை நவீன ஓவியக் கண்காட்சிகளுக்கு இழுத்துப் போகிறார். ஒன்றும் புரிவதில்லை. புரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வழி உண்டா? (வங்கி ஊழியர், ஈரோடு)

ப: உண்டு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி பின்வாங்குங்கள். தலையைச் சாய்த்து 'ம்' என்று சொல்லுங்கள். ஒரு நிமிஷம் கழித்து கிட்டே போய் ஒரு மூலையை மட்டும் உற்றுப் பாருங்கள். சிக்கல் என்னவென்றால், இதை ஒழுங்காகச் செய்தால் படத்தை நிஜமாகவே பார்த்துவிடும் அபாயம் இருக்கிறது. தள்ளி நின்றால் மொத்தக் கட்டுமானமும் தெரியும். கிட்டே போனால் தூரிகை போன வழி தெரியும். நடிக்கப் போய் ரசிகராகிவிட்டால் நான் பொறுப்பல்ல.

கே: ஒரு படத்தை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? (சிவகாசி)

ப: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற சில ஓவியங்களுக்கு முன்னால் நின்றவர்களைக் கடிகாரம் வைத்துக் கவனித்தார்கள். 2001-இல் வெளிவந்த ஆய்வு. சராசரி 27 விநாடி. பாதிப் பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன. நம் ஊரில் சிக்னல் பச்சையாக அதைவிட அதிக நேரம் காத்திருக்கிறோம்.

இதற்கு நேர் எதிர் ஹார்வர்டில் கலை வரலாறு கற்பிக்கும் ஜெனிஃபர் ராபர்ட்ஸ். ஒரே ஓவியத்தின் முன்னால் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்வார். தானும் உட்கார்ந்தார். ஜான் சிங்கிள்டன் கோப்ளி 1765-இல் வரைந்த, செல்ல அணிலோடு இருக்கும் ஒரு பையனின் படம். பையனின் காது மடலும் அணிலின் வயிற்றோர ரோமமும் ஒரே வளைவு என்று கண்ணில் பட ஒன்பது நிமிஷம் ஆயிற்றாம். சங்கிலியைப் பிடித்திருக்கும் விரல்களின் அகலமும் மேசை மேலிருக்கும் தண்ணீர்க் கிளாஸின் விட்டமும் ஒன்று என்று தெரிய இருபத்தோரு நிமிஷம்.

எனக்கு ஹார்வர்டு வாய்க்கவில்லை, சலூன் வாய்த்தது. ஞாயிற்றுக்கிழமை, எனக்கு முன்னால் ஐந்து பேர், எதிர்ச் சுவரில் உங்கள் ஊர் அச்சில் வந்த முருகன் காலண்டர். பத்து நிமிஷம் வரை முருகன் மட்டும்தான் தெரிந்தார். அப்புறம்தான் உறைத்தது. முருகன் என்னைப் பார்க்கிறார், வள்ளி என்னைப் பார்க்கிறாள், தெய்வானையும் என்னைத்தான். மயில் பக்கவாட்டில் நிற்கிறது, இருந்தும் தெரிகிற அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கிறது. ஒருத்தரை ஒருத்தர் யாரும் பார்க்கவில்லை. அசல் கல்யாண போட்டோ! கோவில்பட்டியில் இருந்துகொண்டு இந்தக் காலண்டர் பாணியை வளர்த்த சி. கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். மேடையில் நிற்பவர் சபையைப் பார்க்காமல் யாரைப் பார்ப்பார்? தவிர, கண்ணுக்குக் கண் பார்க்காவிட்டால் அது என்ன தரிசனம்? என் முறை வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரை உட்காரச் சொன்னேன்.

கே: படத்துக்குக் கீழே இருக்கும் விளக்க அட்டையை முதலில் படிக்கலாமா? (காரைக்குடி)

ப: சாம்பாரை வாயில் வைக்கும் முன்பே உப்புப் போட்டுக்கொள்கிற ஆளா நீங்கள்?

கே: சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வரிசையாக வைத்திருந்தால் ஐந்தாவதற்குமேல் எல்லாம் ஒன்றாகத் தெரிகின்றன. என் கண்ணில் கோளாறா? (மன்னார்குடி)

ப: கண்ணில் இல்லை, கணக்கில். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் பக்கம்தானே, அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய் திருவெண்காட்டு ரிஷபவாகனரிடம் நில்லுங்கள். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், ராஜராஜன் காலம். மண்ணுக்கடியிலிருந்து எடுத்தார்கள்.

முதலில் கையை எண்ணுங்கள். இரண்டே இரண்டு. மழுவும் மானும் ஏந்த மேல் கைகள் கிடையாது. தலையில் கிரீடமும் இல்லை. சடையை முண்டாசு மாதிரி சுற்றியிருக்கிறார், அதில் பாம்புகள் நெளிகின்றன. ஒரு கால் உடம்பைத் தாங்குகிறது, இன்னொன்று அதன் குறுக்கே சும்மா வந்து நிற்கிறது. இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்திருக்கிறது. இடது கை தொடைப் பக்கம் ஓய்வாக. வலது கையோ முழங்கையில் மடிந்து அந்தரத்தில் நிற்கிறது.

நான் முதல் தடவை போனபோது, இவ்வளவும் பார்க்காமல், நண்பருக்குச் சோழர் வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிச் சுற்றுலாவில் வந்த ஒரு சிறுமி, ஏழெட்டு வயது இருக்கும், டீச்சரின் புடவையை இழுத்துக் கேட்டாள்: "மிஸ், அந்தக் கை எது மேல இருக்கு?"

எனக்கு வரலாறு நின்றுபோய்விட்டது. அந்தக் கை காளையின் மேல் இருந்தது. காளை இன்று இல்லை. இல்லாத காளையின் உயரத்தை அந்த முழங்கை சொல்கிறது. அது முரண்டு பிடிக்காத, நெடுநாள் பழகிய மாடு என்பதைத் தளர்ந்து தொங்கும் விரல்கள் சொல்கின்றன. எஜமானர் தோரணையில் யாரும் இப்படிக் கை போடுவதில்லை. வாய்க்கால் வரப்பில் தன் மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு பேசுகிறவர் போடுவார். இதை உளியால் செதுக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெழுகில் விரலால் வளைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகம் ஊற்றியது. அச்சை உடைத்தால்தான் சாமி வெளியே வரும். அதனால் இரண்டாம் பிரதி கிடையாது.

ஒரு சந்தேகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். உற்சவருக்குப் பட்டும் மாலையும் சாத்தியபின் நமக்குத் தெரிவது முகமும் பாதமும்தான். அருங்காட்சியகத்தில் நாம் மாய்ந்துபோகிற அந்த இடுப்பு, வீதியில் நின்று கும்பிட்டவர்கள் கண்ணில் படவா செய்தது? பிறகு யாருக்காக அந்த ஸ்தபதி அத்தனை சிரமப்பட்டார்? எனக்கு அபிஷேக நேரம் ஒரு பதில். முழுப் பதில் அதுவல்ல என்றும் தோன்றுகிறது.

கே: டேப் போட்டுச் சுவரில் ஒட்டிய வாழைப்பழமெல்லாம் கலையா சார்? (தேனி)

ப: இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் 2019-இல் மயாமியில் ஒட்டினார். விலை 1,20,000 டாலர். 2024-இல் நியூயார்க் ஏலத்தில் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போயிற்று. வாங்கியவர் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அதை உரித்துச் சாப்பிட்டார். அவர் வாங்கியது பழத்தை அல்ல. ஒரு சான்றிதழையும், எப்படி ஒட்ட வேண்டும் என்கிற குறிப்பையும். பழம் போனால் வேறு பழம்.

'இருப்பது ஒரு பழம், ஆனால் இன்னொரு பழமும் அதுவே' என்கிற தத்துவத்தை 1989-லேயே 'கரகாட்டக்காரன்' படத்தில் நிலைநாட்டியவர் செந்தில். அவருக்கு டாலர் கிடைக்கவில்லை, கவுண்டமணியிடம் உதைதான் கிடைத்தது.

என் தீர்ப்பா? கட்டெலானைப் பார்த்து ஒரு தடவை சிரித்தேன். இரண்டாம் தடவைக்கு அதில் சரக்கு இல்லை. தஞ்சாவூருக்கு ஏழெட்டுத் தடவை போயாகிவிட்டது, இன்னும் பாக்கி இருக்கிறது.

கே: மாமல்லபுரத்தில் கைடு 'அர்ச்சுனன் தபசு' என்கிறார், புத்தகம் 'கங்கை இறங்குதல்' என்கிறது. எதை நம்புவது? (செய்யாறு)

ப: பாறையை. ஒற்றைக் காலில், கையைத் தலைக்குமேல் தூக்கி, எலும்பும் தோலுமாக ஒருவர் நிற்கிறார். எதிரே சிவன். இதுவரைக்கும் அர்ச்சுனன் என்றாலும் சரி, பகீரதன் என்றாலும் சரி. ஆனால் பாறையை இரண்டாகப் பிளக்கும் இயற்கை வெடிப்பில் நாகர்கள் மேலே எழும்புகிறார்களே, அர்ச்சுனன் கட்சிக்காரர்கள் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பார்கள்? உச்சியில் தண்ணீர் தேக்கி விட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம் உண்டு. அந்தக் கணக்கில் கங்கைக் கட்சிக்கு ஓட்டு கூடுகிறது. பல்லவச் சிற்பி வேண்டுமென்றே இரண்டு கதைக்கும் இடம் கொடுத்தார் என்று மூன்றாவது கட்சியும் இருக்கிறது. கூட்டணி ஆட்சி.

எந்த விளக்கத்தையும் நான் எடைபோடும் முறை எளிது: பாறையில் இருப்பவற்றில் எத்தனைக்கு அது பதில் சொல்கிறது, எத்தனையைக் கண்டும் காணாமல் விடுகிறது? யானைகளின் பக்கம் கீழே பாருங்கள். ஒரு பூனை, மேலே நிற்கும் தவசியைப் போலவே கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் பக்தியோடு. நீங்கள் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அந்தப் பூனைக்கு ஒரு பதில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

கே: சிற்பி கனவிலும் நினைக்காததையெல்லாம் நீங்களாகக் கற்பித்துச் சொல்கிறீர்களே? (திருநெல்வேலி)

ப: "இன்னிக்கு ரசம் பரவாயில்லை" என்று மாமியார் சொன்னால், அவர் சொன்னதோடு நிறுத்திக்கொள்கிற குடும்பமா உங்களுடையது?

கே: 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது விமர்சனம் ஆகுமா? (கல்லூரி மாணவர், கோவை)

ப: அது உங்களைப் பற்றிய தகவல். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சேருங்கள், விமர்சனம் தொடங்கிவிடும். ஆனால் எந்த வார்த்தை என்பதில் ஜாக்கிரதை. லண்டனில் ஜான் ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர், விஸ்லர் வரைந்த வாணவேடிக்கைப் படத்தைப் பார்த்து, சாயச் சட்டியை ஜனங்களின் முகத்தில் வீசிவிட்டு இருநூறு கினி கேட்கிறார் என்கிற தோரணையில் எழுதிவிட்டார். விஸ்லர் வழக்குப் போட்டார். 1878-இல் தீர்ப்பு விஸ்லர் பக்கம்தான். நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. மறு வருஷம் விஸ்லர் திவால். வக்கீல்களுக்குப் பிடித்த ஓவியம் அது.

ரஸ்கின் சாமானியர் அல்ல. மேகத்தையும் இலையையும் வாழ்நாள் முழுக்க உற்றுப் பார்த்தவர். அன்றைக்கு மட்டும் படத்தை விட்டுவிட்டு விலைச்சீட்டைப் பார்த்துவிட்டார்.

கே: அப்படியானால் நிபுணர்களை நம்பக்கூடாதா? (புதுச்சேரி)

ப: அவர்களும் ஆசைப்படுவார்கள் என்பதை மறக்கக்கூடாது. பழைய டச்சு ஓவியர் வெர்மீரின் படங்களில் கரைகண்டவர் ஆபிரகாம் பிரெடியஸ். 1937-இல் புதிதாகக் கிடைத்த ஓர் ஓவியத்தை வெர்மீரின் மிகச் சிறந்த படைப்பு என்கிற அளவுக்குப் புகழ்ந்தார். ராட்டர்டாம் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. வரைந்தவர் ஹான் வான் மேகரென், உயிரோடு, நெதர்லாந்துக்காரர். இன்னொரு போலி நாஜி கோயரிங் கைக்குப் போனதால் போர் முடிந்ததும் தேசத்தின் பொக்கிஷத்தை எதிரிக்கு விற்றதாகக் கைதானார். "ஐயா, அது நானே வரைந்தது" என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. காவலில் வைத்து, சாட்சிகள் முன்னால் இன்னொரு 'வெர்மீர்' வரையவைத்துத்தான் நம்பினார்கள். இன்று அந்தப் போலிகளைப் பார்த்தால் முகங்கள் 1930-களின் சினிமா முகங்களாக இருக்கின்றன. அந்தக் காலத்துக் கண்ணுக்கு அது தெரியவில்லை. தன் வீட்டு வாசனை தனக்குத் தெரியாதே.

கே: எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே, நேரில் வேறு போக வேண்டுமா? (ஓசூர்)

ப: மோனலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். பிக்காசோவின் குவெர்னிகா ஏழே முக்கால் மீட்டர் நீளம். உங்கள் போனில் இரண்டும் ஒரே அளவு.

ஆனாலும் போட்டோவை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. சென்னை அருங்காட்சியக நடராஜரைப் பற்றி பிரெஞ்சுச் சிற்பி ரோடின் உருகி எழுதியது புகைப்படங்களைப் பார்த்துத்தான். சென்னைக்கு அவர் வந்ததேயில்லை. என்ன, அவர் கையால் வெண்கலம் தெரிந்தவர். நமக்கு அந்தக் கை இல்லாததால் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

கே: என் மாணவர்கள் எந்தப் படத்தைக் காட்டினாலும் 'அழகா இருக்கு டீச்சர்' என்று முடித்துவிடுகிறார்கள். என்ன செய்ய? (ஓவிய ஆசிரியை, விருதுநகர்)

ப: 'அழகு' என்ற சொல்லுக்குப் பத்து நிமிஷம் தடை போடுங்கள். ஒரு பிள்ளை படத்தைப் பார்த்துச் சொல்லட்டும், முதுகு காட்டி உட்கார்ந்த இன்னொரு பிள்ளை அதைக் கேட்டு வரையட்டும். என் அக்கா மகனுக்கு நான் "ஒரு யானை நிற்குது" என்றேன். அவன் வரைந்துவிட்டு, "மாமா, தும்பிக்கை மேலயா கீழயா?" என்றான். திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் கேட்கும்வரை எனக்கே தெரியாது.

எட்மண்ட் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கர் இதற்குப் படிக்கட்டே கட்டியிருக்கிறார்: விவரி, பிரித்துப் பார், பொருள் சொல், கடைசியில் தீர்ப்பு. நம் டீக்கடைகளில் நாலாவது படியில் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடுவோம்.

கே: மெரினாவில் தினமும் பஸ்ஸில் உழைப்பாளர் சிலையைத் தாண்டிப் போகிறேன். அதில் என்ன பார்ப்பது? (திருவல்லிக்கேணி)

ப: தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-லிருந்து அங்கே நிற்கிறது. நாலு பேர், ஒரு பாறை. ஒருநாள் இறங்கி, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, நால்வரில் ஒருவர் மாதிரி நின்று பாருங்கள். எந்தக் காலில் எடை விழுகிறது, முதுகில் எங்கே இழுக்கிறது என்று உடம்பு சொல்லும். பாறை நகரத் தொடங்கிவிட்டதா, இனிமேல்தானா என்பது உங்கள் இடுப்புக்கு முதலில் தெரியும். போலீஸ்காரர் விசாரித்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

கே: என்ன பார்த்தும் ஒன்றுமே தோன்றவில்லை என்றால்? (அரியலூர்)

ப: காபி சாப்பிடுங்கள். அது படத்தின் தப்பாகவும் இருக்கலாம்.

கே: சார், அந்தக் காளை என்னைக்காவது கிடைச்சுட்டா? (இந்தப் பக்கத்தை டைப் செய்கிறவர், பக்கத்து மேசை)

ப: முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போவேன். முதுகு அந்த முழங்கைக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் அது வேற யார் வீட்டு மாடோ!