நடைதூரத்தில் ஒரு வளவு

மட்டக்களப்புப் பக்கத்தில் ஆண்பிள்ளை ஒருவர் வீடு வாங்கப் புறப்பட்டால், ஊர் விலையை விசாரிக்காது. “ஏன், பெண்சாதி வீட்டில வீடு குடுக்கல்லியா?” என்றுதான் கேட்கும். இங்கே வீடு பெண்ணின் சொத்து. தாய் தகப்பன் மகளுக்கு வளவும் வீடும் எழுதிக் கொடுக்க, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய்ச் சேர்ந்துகொள்வார். 1876 இலேயே கிறிஸ்தோபர் பிரிட்டோ, இப்பகுதி முக்குவர் சமூகத்தின் தாய்வழி வாரிசு வழக்கான முக்குவர் சட்டத்தைப் புத்தகமாக்கினார். அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008 இல் வந்த தன் நூலில் இந்தத் தாய்வழி ஒழுங்கை விரிவாகவே எழுதினார். இவ்வளவு எழுத்து இருந்தும், கதிரவெளிக் கிராமத்தில் மாமியின் வளவுக்குள் சுகமாகக் குடியிருந்த இக்கட்டுரைக்காரருக்குப் பட்டணத்தில் சொந்தக் காசில் வீடு வாங்கும் ஆசை பிடித்துவிட்டது.

ஆசைக்குக் காரணம் பிள்ளைகளின் படிப்பு என்று வெளியில் சொன்னார். உண்மையான காரணம் பாரிஸ். கடை, பள்ளி, வைத்தியர், வேலை எல்லாமே வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இருக்க வேண்டும் என்று 2016 இல் கார்லோஸ் மொரேனோ என்ற பேராசிரியர் சொன்னார். 2020 பாரிஸ் மேயர் தேர்தலில் ஆன் இதால்கோ அதைத் தூக்கிப் பிடித்து வென்றார். இதைப் படித்த நாளிலிருந்து இவர் எங்கே போனாலும் மணிக்கூட்டைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கினார்.

மாமிக்கு இது விளங்கவில்லை. “கடல் நடைதூரம், கோயில் நடைதூரம், பள்ளிக்கூடம் நடைதூரம். மறுகா என்ன மனே, வெயிலுக்க நடக்கிறதுக்கா காசு குடுத்து வீடு வாங்கப்போற?” என்றார்.

பதில் சொல்வது லேசில்லை. கதிரவெளியில் அன்றாடத் தேவைக்கு எல்லாமே காலடியில்தான். ஆனால், பெரிய வைத்தியரைப் பார்க்கவோ, கொஞ்சம் பெரிய கடதாசி அலுவலுக்கோ ஏ-15 வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நின்று, வாகரை, பனிச்சங்கேணி, வாழைச்சேனை என்று ஒவ்வொன்றாகக் கடந்து பட்டணம் சேர வேண்டும். கடல் கிட்ட இருப்பதும் எப்போதும் புண்ணியமல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தள்ளித்தான் வீடு கட்டலாம் என்று அரசாங்கம் கோடு கிழித்தது; பிறகு தளர்த்தியது. நடைதூரத்தை அரசாங்கம் மீற்றரில் அளந்தது அப்போதுதான்.

பட்டணத்தில் நடந்தே வாழ ஏற்ற இடம் என்றால் புளியந்தீவுதான். மட்டக்களப்பு வாவிக்குள் ஒரு சின்னத் தீவு. 1628 இல் போர்த்துக்கீசர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை ஒரு பக்கம். 1814 இல் வில்லியம் ஓல்ட் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, மரியாள் பேராலயம், சந்தை, போதனா வைத்தியசாலை, பஸ் நிலையம். பிறப்பு, படிப்பு, கலியாணம், வருத்தம் எல்லாவற்றையும் செருப்புத் தேயாமல் முடித்துக்கொள்ளலாம். மொரேனோ வாவிக்கரைக்கு வந்திருந்தால் புத்தகம் எழுதும் சிரமம் அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

புரோக்கர் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் காட்டினார். “எல்லாம் ஏழு நிமிச நடை சேர்” என்றார், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலேயே. நேரம் உச்சிப் பொழுது. நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றதால் மனிதர்கள் தார் வீதியில் நடந்தார்கள். நிழலுக்கு மரம் இல்லாத ஊரில் ஏழு நிமிடம் என்பது பாரிஸின் ஏழு நிமிடம் அல்ல என்பது சட்டை நனைந்தபோது தெரிந்தது. மொரேனோவின் கணக்கில் வெயிலுக்கு ஒரு பெருக்கல் சேர்க்க வேண்டும்.

இவர் விறாந்தைத் தூணையும் தேக்குக் கதவையும் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்க, மாமியும் மனைவியும் நேரே கிணற்றடிக்குப் போனார்கள். மாமி ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்து, துப்பினார். “உப்பு.” உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறதென்று புரோக்கர் சமாளித்தார். மனைவி குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்து, அது முழு வாளி நிறையும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி கொடுத்தார். பேச்சு வளர வளரத்தான் சங்கதி வெளிவந்தது. வீடு அவருடையதல்ல. தனக்குச் சீவிய உரித்தை மட்டும் வைத்துக்கொண்டு, மகளுக்கு நன்கொடை உறுதி எழுதி வெகுகாலம். மகள் ரொறொன்ரோவில். விற்க வேண்டுமானால் அங்கிருந்து அற்றோணித் தத்துவம் வர வேண்டும். அது வருமா என்று கேட்டதற்கு, “பிள்ளை வந்தா இருக்க வீடு வேணுமே” என்றார் அம்மா. புரோக்கர் வீட்டைக் காட்டினாரே தவிர, விற்கிறார்களா என்று கேட்டிருக்கவில்லை.

இதுதான் புளியந்தீவுச் சந்தையின் சூட்சுமம். மகளுக்கென்று எழுதிய வீடு மகளின் மகளுக்குப் போகும். விற்பனைப் பலகை அதன் வாசலுக்கு வராது. பெண்பிள்ளை இல்லாத குடும்பமோ, கனடாவே போதும் என்று முடிவெடுத்த பெண்பிள்ளையோ இருந்தால்தான் ஒரு வீடு வெளியே வரும். அப்படி வருவதற்குப் பேர்ச் கணக்கில் விலை, அதற்கு மேல் முத்திரை வரி: முதல் ஒரு லட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு 4. நன்கொடைக்கு இதைவிடக் குறைவு. அரசாங்கமும் மாப்பிள்ளையாகப் போகச் சொல்கிறதே தவிர, வாங்கச் சொல்லவில்லை.

நடைதூரத்தில் இன்னொரு வில்லங்கம், நாம் நடந்து போகும் இடம் தானும் நடக்கும் என்பது. கோட்டைக்குள் கச்சேரி இருக்கிறதென்று நம்பிப் புளியந்தீவில் வீடு தேடியவர்கள் உண்டு. 2024 இல் அந்தக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், புளியந்தீவுக்கு வெளியே திராய்மடுவில் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. அடுத்த கிழமையே புரோக்கர் திராய்மடுவில் ஒரு துண்டுக் காணியோடு வந்தார். “கச்சேரிக்கு நடைதூரம் சேர்.”

மாமி இந்த முறை மறுக்கவில்லை. பக்கத்து வளவும் விலைக்கு வருமா என்று விசாரித்தார், சின்ன மகளுக்கு. பிறகு உறுதி யார் பெயருக்கு என்று நொத்தாரிசு கேட்டபோது, வங்கிக் கடனுக்குக் கையெழுத்து வைத்தவர் வாயைத் திறக்கும் முன்பே, தாயும் மகளும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.