பாரிஸுக்கு முதல் டிக்கெட்

கேள்வி: முப்பது வருஷக் கனவு, அடுத்த மாதம் பாரிஸ் போகிறேன். மறக்காமல் எதை எடுத்துப் போக வேண்டும்? (திருச்சி வாசகி)

பதில்: பழைய செருப்பு. பயணத்துக்கென்று புதுசு வாங்கினீர்களோ, பாரிஸைவிட மருந்துக்கடையைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

கேள்வி: ஈஃபில் கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாமா, கீழிருந்தே பார்க்கலாமா? (ஈரோடு)

பதில்: மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும், ஈஃபில் கோபுரம் மட்டும் தெரியாது. 1889 கண்காட்சிக்காகக் கட்டியது. 20 வருஷத்தில் பிரித்துவிடலாம் என்றுதான் பேச்சு. உச்சியில் கம்பியில்லாத் தந்திக்கு ஆன்டெனா வைத்த பிறகு, யாருக்கும் பிரிக்க மனசு வரவில்லை. நம்மூர் ‘தற்காலிக’ப் பேருந்து நிலையம் மாதிரி.

கேள்வி: மோனாலிசாவை நேரில் பார்த்தால் மெய்சிலிர்க்குமா? (மதுரை)

பதில்: முதலில் தெரிய வேண்டுமே! 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். கண்ணாடிக்குப் பின்னால் அந்த அம்மாள். முன்னால் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், தலைக்கு மேல் அத்தனை கைபேசிகள். பெருமாளாவது தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு நொடி தெரிவார். 1911-ல், படம் இருக்கும் லூவர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்திருந்த ஓர் இத்தாலியர் படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அப்போது வெறும் சுவரைப் பார்க்கவும் ஜனம் வரிசையில் நின்றது. கூட்டம் கூடப் படம் வேண்டும் என்றுகூட இல்லை!

ஒன்று செய்யுங்கள். அங்கேயே அப்படியே திரும்புங்கள். எதிர்ச்சுவரில் வெரோனீஸ் வரைந்த கானாவூர்க் கல்யாணம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்தில். நூறு பேருக்கு மேல் பந்தியில் இருக்கிறார்கள், பாட்டுக் கச்சேரி நடக்கிறது, தண்ணீர் ஒயினாகிக்கொண்டிருக்கிறது. அறையில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கல்யாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

கேள்வி: பாரிஸ்காரர்கள் முசுடுகளாமே? (நாகர்கோவில்)

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் ரொட்டிக்கடைக்குள் போய், எடுத்த எடுப்பில் விலை கேட்டேன். கடைக்கார அம்மாள் என்னைப் பார்த்து நிதானமாக ‘போன்ஷூர்’ என்றார். வணக்கம் அல்ல, திருத்தம். அங்கே அதைச் சொல்லாமல் பேச ஆரம்பிப்பது, செருப்புக்காலோடு பூஜையறைக்குள் போன மாதிரி. மறுநாள் சொன்னேன், சிரித்தார். வரிசையில் நிற்கும்போது கவனித்தேன்: நீளரொட்டியை வாங்கிய கையோடு, காகிதத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை ஒடித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். வீடு போய்ச் சேருவதெல்லாம் மூக்கறுந்த ரொட்டிதான்.

கேள்வி: கனவு கண்ட ஊர் நேரில் ஏமாற்றிவிட்டால்? (கோவை)

பதில்: அதற்குப் பெயரே உண்டு, ‘பாரிஸ் சிண்ட்ரோம்’. ஜப்பானியப் பயணிகளிடம் இதைக் கண்டு விவரித்தவர், பாரிஸில் பணியாற்றிய ஜப்பானிய மனநல மருத்துவர் ஹிரோஅகி ஓட்டா. சினிமா பாரிஸில் மெட்ரோவின் மூத்திர நாற்றம் வராதில்லையா? நமக்குப் பயமில்லை. நாம் பேருந்து நிலையங்களில் வளர்ந்தவர்கள்.

கேள்வி: நாலாம் நாள் நாக்கு செத்துப்போகுமே! (தஞ்சாவூர்)

பதில்: கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல். முருங்கைக்காய், கறிவேப்பிலை, கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. ஈழத்தமிழர்களின் கடைத்தெரு. பிள்ளையார் தேர் வரும் நாளில் தெருவில் தேங்காயைக் குவித்து உடைப்பார்கள். ஒரு விஷயம்: ‘பாரிஸில் வாழக் கொடுத்துவைத்தவர் நீங்கள்’ என்று கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்களில் பலர் கனவு கண்டு வந்தவர்கள் அல்ல, போர் துரத்தி வந்தவர்கள்.

கேள்வி: எனக்குக் கிடைத்ததே ஒரு நாள், அதுவும் செவ்வாய்க்கிழமை. லூவர் போகட்டுமா? (சேலம்)

பதில்: தாராளமாக. வாசல் வரை. செவ்வாய் விடுமுறை.