விமான நாற்காலி சாகுபடி: சிறுவாச்சூர் உழவருக்குச் சில யோசனைகள்

மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்றதா? சின்ன வெங்காயம் விலை போகவில்லையா? கவலையை விடுங்கள். கழித்துக் கட்டிய விமானத்தின் இருக்கைக்கு இப்போது ‘நவீனத்துவக் கலைப்பொருள்’ என்று பெயர். தண்ணீர், உரம், களையெடுப்பு எதுவும் தேவையில்லை.

ரகத் தேர்வு: அமெரிக்காவில் அலுமினியக் குழாயில் அழகான நாற்காலிகள் செய்த வாரன் மெக்ஆர்தர், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்கு இருக்கை செய்து கொடுத்தார். அது உயர்ரகம். கைப்பிடியில் சாம்பல் கிண்ணம் இருந்தால், வானத்தில் சிகரெட் பிடித்த காலத்துச் சரக்கு, தாராளமாக வாங்கலாம். போர் விமான இருக்கை வேண்டுமென்றால், வெடிமருந்தைக் கழற்றிவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள். விமானியை வெளியே தூக்கியெறிவதற்கென்றே செய்த சாமான் அது. மறுவீட்டுக்கு வரும் மாப்பிள்ளைக்கு ஆகாது.

நடவு: இந்த இருக்கை தானாக நிற்காது. விமானத்தின் தரையில் பதித்த தண்டவாளத்தில் மாட்டுவதற்காகச் செய்தது. அப்படியே கூடத்தில் வைத்தால் உட்கார்ந்தவர் மல்லாந்துவிடுவார். வெல்டிங் பட்டறையில் அடிச்சட்டம் போட்டு இறுக்கிக்கொள்ளவும். மூவர் இருக்கையானால் நடுவில் பங்காளிகளை உட்கார வைக்காதீர்கள். கைப்பிடி யாருக்கு என்பது கோர்ட் வரை போகும்.

பூச்சி மேலாண்மை: உட்காருகிறவர்கள்தான் பெரிய பூச்சி. மதுரகாளியம்மன் கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் தாக்குதல் கடுமையாக இருக்கும். சாமி கும்பிட்டுவிட்டு வரும் பெரியப்பா, “எந்த பஸ்சுல கழட்டுனதுடா தம்பி?” என்பார். பதில் சொல்ல வேண்டாம். அவர் சாய்ந்து பார்ப்பதற்குள் திண்ணையைக் காட்டி மோர் கொடுத்துவிடவும்.

அறுவடை: அவசரம் கூடாது. சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக பியர் ழான்னரே 1950களில் வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகளைப் பாருங்கள். குமாஸ்தாக்கள் உட்கார்ந்தவரை அவை வெறும் நாற்காலி. உடைந்ததும் மூலையில் குவித்து, தட்டுமுட்டுச் சாமானாக ஏலம் விட்டார்கள். வாங்கியவர்கள் பிரம்பு பின்னி, மெருகேற்றி, வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். மத்திய உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போட்டபோது 2011 ஆகிவிட்டது.

விதை இருப்பு: விமான இருக்கைக்குப் பணம் கட்டுமுன் ஒருமுறை பரண்மேல் ஏறிப் பாருங்கள். தாத்தாவின் இரும்பு மடக்கு நாற்காலி கிடந்தால் இந்தச் செலவே வேண்டாம். துடைத்து வைத்து, யாரையும் உட்கார விடாமல் இருந்தால் போதும். அதை ஏற்கெனவே பேரீச்சம்பழத்துக்குப் போட்டுத் தின்றுவிட்டவர்களுக்கு மட்டுமே மேற்கண்ட சாகுபடி பரிந்துரைக்கப்படுகிறது.