என் கார் கர்நாடகக்காரன்

இந்தியக் குடிமகன் நாட்டின் எந்த மூலையிலும் போய்க் குடியேறலாம் என்று அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. அவனுடைய காரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அச்சகத்தைக் கவனிக்க ஆளில்லை என்று சிவகாசிக்குத் திரும்பினேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆதாரில் விலாசத்தை மாற்றினேன், முடிந்தது ஜோலி. கூட வந்த கார்தான் வெளிநாட்டு ஆசாமி ஆகிப்போனது. அதன் நெற்றியில் கே.ஏ. என்று எழுதியிருந்ததே காரணம்.

அங்கே பதிவு செய்ததற்கு நியாயம் உண்டு. 2016 செப்டம்பரில் காவிரித் தகராறின்போது தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் பெங்களூரில் வரிசையாக எரிந்தன. டி.என். கார் வைத்திருந்த சிநேகிதர்கள் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு ஆட்டோவில் ஆபீஸ் போனார்கள். பிறகு நான் கார் வாங்கப் போனபோது, எதிலும் ஒத்துப்போகாத என் வீட்டார் கே.ஏ. நம்பர் என்பதில் மட்டும் ஒருமனதாக இருந்தார்கள்.

அந்த நம்பரோடு தீபாவளிக்கு முந்தின மாதம் சாத்தூர் ரோட்டில் போனால் என்ன ஆகும்? பட்டாசுக்கடைப் பையன் நடுரோட்டுக்கே வந்து கையை நீட்டினான். கண்ணாடியை இறக்கினேன்.

"ஆயியே பையா! கம்பெனி ரேட். எய்ட்டி பர்சென்ட் டிஸ்கவுண்ட்!"

"தம்பி, நான் உள்ளூருப்பா. உங்க கிஃப்ட் பாக்ஸ் அட்டையே நம்ம பிரஸ்ல அடிச்சதுதான்."

பையன் நம்பர் பிளேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப எய்ட்டி ஃபைவ் போட்டுத் தாறேன் அண்ணாச்சி."

நம்பரை மாற்றியே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தியாவில் ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறெங்கும் திரும்பப் பதிய வேண்டியதில்லை என்கிறது 46-வது பிரிவு. படித்ததும் காபி போடச் சொன்னேன். காபி வருவதற்குள் 47-வது பிரிவு வந்துவிட்டது: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டி நின்றால் புது நம்பர் வாங்க வேண்டும்.

அடுத்த பிரிவு இன்னும் விசேஷம். புது நம்பருக்கு முன்னால், பழைய ஊர் அலுவலகம் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. கொடுக்க வேண்டும். வண்டி திருட்டு வழக்கில் சிக்கவில்லை என்று போலீசும் எழுதித் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் கொடுத்ததாகவே கொள்ளலாமாம். மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மௌனத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைக்க முடியாது என்பதால் நான் பெங்களூர் பஸ் ஏறினேன்.

பஸ் ஏறுமுன் நிரப்ப வேண்டிய என்.ஓ.சி. விண்ணப்பம் ஃபாரம் 28. அதில் சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்து ஒட்ட வேண்டும். என் வண்டியில் அந்த நம்பர் முன்சீட்டுக்கு அடியில், விரிப்பை விலக்கினால் தெரியும் தகட்டில் இருக்கிறது. அதன்மேல் டேப்பை ஒட்டி, பென்சிலால் தேய்த்து, எழுத்து விழுந்ததும் கிழியாமல் உரிக்க வேண்டும். நாடு முழுக்கக் காலண்டர் அடித்து அனுப்புகிற ஊர் எங்களுடையது. நாலு கலர் ஆஃப்செட் மிஷின் ஓடுகிற அச்சகத்தின் வாரிசு, பதினேழு எழுத்தை அச்சடிக்கச் சீட்டுக்கடியில் தலையை நுழைத்து, கால்களை வாசலில் நீட்டிக் கிடந்தேன். அப்பா வந்து பிரதியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நாலும் எட்டும் ஒண்ணாத் தெரியுது. பார்ட்டி ரிட்டர்ன் பண்ணிருவான். இன்னொரு தடவை அடி" என்றார்.

ஏன் இத்தனை பாடு? வண்டிக்கான சட்டம் டெல்லியுடையது. வண்டிக்கான வரியோ அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கர்நாடகத்தில் ஆயுள் வரி மொத்தமாகக் கட்டியாயிற்று. தமிழ்நாட்டு ரோட்டில் ஓட்டினால் தமிழ்நாட்டுக்கும் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து இங்கே புதுக் காருக்கு விலையைப் பொறுத்து 12 முதல் 20 சதவீதம் வரை ஆயுள் வரி. வயதான வண்டிக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. அங்கே கட்டியதில் மிச்சக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் முதலில் இங்கே கட்டி, புது நம்பர் வாங்கி, அந்த ஆர்.சி.யைக் கொண்டுபோய் அங்கே காட்ட வேண்டும். ஒரே காருக்கு இரண்டு மாநிலத்தில் ஆயுள் வரி கட்டிவிட்டு நடுவில் நிற்பவனுக்கு, தன் ஆயுளைப் பற்றித்தான் கவலை வரும்.

பட்டாசு ஆலையில் போர்மேனாக இருக்கும் பங்காளியிடம் போய்ப் புலம்பினேன். ஆலை கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, செல்போனை வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆலைகளுக்குச் சாதி உண்டு: டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். வெடிபொருள் துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருப்பதால், பெரிய ஆலைக்காரர்களுக்கு அந்த ஊர் காசிக்குச் சமம். ஒவ்வொரு அறையின் வெளிச்சுவரிலும் என்ன வேலை, எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து என்று பெயிண்டில் எழுதியிருக்கும். நாலு ஆள் என்றால் நாலு ஆள்தான்.

பங்காளி முழுதையும் கேட்டுவிட்டுச் சுவரைக் காட்டினார். "இங்க ஒவ்வொரு விதிக்குப் பின்னாலயும் ஒரு சாவு இருக்கு அண்ணாச்சி. உங்க ஃபாரம் 28-க்குப் பின்னால எவன் செத்தான்?"

"எவனும் சாகலை. எவனோ வண்டியைத் திருட்டுக் குடுத்திருக்கான்."

"அப்ப அலையுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் தயாரிக்கிற சரக்குக்கு வராத சங்கடமா? உச்ச நீதிமன்றம் 2018-இல் பசுமைப் பட்டாசு என்றது. அதற்குப் பின் தீபாவளிக்கு எத்தனை மணிக்கு வெடிக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அணுகுண்டுக்கே நேரம் பார்த்துக் கொடுக்கிற நாட்டில் என் ஹேட்ச்பேக் எம்மாத்திரம்?

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டால் மனசு ஆறும் என்று சிங்கப்பூர் மச்சானுக்குப் போன் போட்டேன். அங்கே கார் வாங்குவதற்கு முன்னால், கார் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இல் வந்த ஏற்பாடு. பத்து வருஷம்தான் செல்லும். 2023-இல் சின்னக் காருக்கான உரிமையே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. இதில் கார் சேர்த்தியில்லை. மலேசியாவில் பெட்ரோல் மலிவு என்று எல்லை தாண்டினால், டாங்கியில் முக்கால்வாசி நிரம்பியிருக்கிறதா என்று வேறு பார்ப்பார்களாம். "அப்புறம் எப்படி மச்சான் சமாளிக்கிற?" என்றேன். "எம்.ஆர்.டி. ரயில்ல போறேன் மாப்ளே" என்றார்.

துபாய் சித்தப்பா கதை வேறு. சிவகாசியிலிருந்து வடக்கே லாரி லாரியாக லோடு அடித்த மனுஷன். இந்திய லைசென்ஸை அங்கே அப்படியே மாற்றித் தரமாட்டார்கள் என்பதால் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். அவர் பையன் வயதுள்ள வாத்தியார் முதல் வகுப்பில் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் காட்டி, இதைத் திருப்பினால் வண்டி திரும்பும் என்று சொல்லிக் கொடுத்தாராம். சித்தப்பாவும் ஆச்சரியப்பட்டதுபோல் தலையாட்டியிருக்கிறார்.

ஆக, நம் ஊர் எவ்வளவோ தேவலை. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார், ஹாரனை ஒரு தடவை அடித்தார், கையெழுத்துப் போட்டார். இந்த ஒரே மாவட்டத்தில் விருதுநகருக்கு 67, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 84, சிவகாசிக்கு 95. எனக்கு 95 கிடைத்தது. சாத்தூர் ரோட்டில் இப்போது எந்தப் பையனும் என்னை மறிப்பதில்லை. தள்ளுபடியும் அத்தோடு போயிற்று.

எல்லாம் முடிந்த பிறகுதான், பி.எச். என்று பாரதத்துக்கே பொதுவான நம்பர் வரிசை 2021-இலேயே வந்துவிட்டதைச் சொன்னார்கள். ஊர் மாறினாலும் நம்பர் மாறாது. மத்திய அரசு ஊழியருக்குக் கிடைக்கும். தனியார் ஊழியர் என்றால் அவர் கம்பெனிக்கு நாலு மாநிலத்திலாவது அலுவலகம் இருக்க வேண்டும். எங்கள் அச்சகத்துக்கு இருப்பது ஒரே கட்டடம். அதிலும் பாதி குடோன்.

போன மாதம் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க விருதுநகர் போயிருந்தோம். பையனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. மாமா சம்பளத்தை விசாரித்தார், அத்தை சொந்த வீடா என்றார். என் முறை வந்தது.

"தம்பி, உங்க கம்பெனிக்கு எத்தனை மாநிலத்துல ஆபீஸ் இருக்கு?"

"ஏழு இருக்கு அங்கிள்."

"அக்கா, பேசி முடிச்சிரலாம்" என்றேன்.