லேமினேட் செய்த மந்திரம்

நம் கடற்கரையைப் பற்றி மார்க்கோ போலோ எழுதி வைத்தவற்றில் ஒன்று இது. முத்துக் குளிக்கப் போகிறவர்கள் சுறாவின் வாயைக் கட்ட மந்திரக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எடுக்கும் முத்தில் 20-இல் ஒரு பங்கு அவர்களுக்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான் செல்லும். பொழுது சாய்ந்ததும் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கிவிடக் கூடாதே! பல நூற்றாண்டு கழித்து வெள்ளைக்காரன் முத்துச் சலாபம் நடத்தியபோதும் சுறா கட்டிக்குக் கூலி உண்டு. துரைக்கு மந்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் கட்டி வராவிட்டால் குளிக்கிற ஆள் கடலில் இறங்க மாட்டான், அதனால் கொடுத்தான்.

மணப்பாடு தொடங்கி வடகோடியில் வேம்பார் வரை, ஏழு கடல்துறைகளிலும் சலாபம் ஓய்ந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. சுறா கட்டும் தொழில் மட்டும் ஓயவில்லை. கல்லூரிகளின் வேதியியல் துறைக்குக் குடிபெயர்ந்து, லேமினேட் செய்யப்பட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்த விதிப்பலகையாகச் சுவரில் தொங்குகிறது.

வாசித்துப் பாருங்கள். வெள்ளைக் கோட் இல்லாமல் உள்ளே வரக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தலைமுடியை முடிந்துகொள்ள வேண்டும். தின்பண்டம் கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சக் கூடாது. நச்சுவாயு வரும் சோதனைகளைப் புகைக்கூண்டுக்குள் மட்டுமே செய்ய வேண்டும். ஒரு வரியிலும் குற்றம் சொல்ல முடியாது. உலகத்தின் எந்த நல்ல ஆய்வகத்திலும் இதே விதிகள்தான் இருக்கின்றன. நம்முடையதில் கூடுதலாக மேலே தாளாளரின் படமும் கீழே முதல்வரின் படமும் உண்டு.

பலகைக்கு நேர் கீழே நடப்பதைப் பார்ப்போம். வேம்பாரிலிருந்து முதல் பஸ் பிடித்து, சூரங்குடி, வைப்பார், குளத்தூர் என்று நின்று நின்று வந்த பிள்ளை ஒருத்தி. அப்பா பனையேறி, அல்லது கடலுக்குப் போகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவள். ஆக்ஸாலிக் அமிலத்தை 20 மில்லி எடுக்க வேண்டும். அதை உறிஞ்சும் ரப்பர் பல்ப் துறையில் மொத்தம் இரண்டு இருக்கிறது. தொலைந்துவிடும் என்பதால் துறைத்தலைவரின் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே வாயால் உறிஞ்சாதே என்ற வாசகத்தை அண்ணாந்து பார்த்தபடியே அவள் வாயால் உறிஞ்சுகிறாள். கோடு தாண்டிவிட்டால் துப்ப வேண்டும். துப்பும் தொட்டியில் தண்ணீர் வருகிறதா என்பது அன்றைக்கு லாரி வந்ததா என்பதைப் பொறுத்தது.

புகைக்கூண்டுக்கு வருவோம். ஒன்று இருக்கிறது, ஸ்டாக் ரெஜிஸ்டரில் எண்ணும் இருக்கிறது. அதன் மின்விசிறி சுற்றியதைப் பார்த்தவர்கள் பணி ஓய்வு பெற்றுவிட்டார்கள். உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகளும், கை ஒடிந்த தராசு ஒன்றும், ஆயுதபூஜைக்கு வாங்கிய தோரணமும் பத்திரமாக இருக்கின்றன. நச்சுக் காற்று படாத ஒரே இடம் அதுதான். கிப் கருவியை இன்னும் கைவிடாத ஆய்வகங்களில் ஹைட்ரஜன் சல்பைடு அறைக்குள்ளேயே உலாவுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வரை பயமில்லை என்று மூத்த மாணவர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாற்றம் அடங்கினால் இன்னும் நிம்மதி அடைகிறார்கள். பத்து லட்சத்தில் நூறு பங்குக்கு மேல் போனால் இந்த வாயு மூக்கையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் நின்றது வாயு போனதால் அல்ல, மூக்கு செத்ததால் என்பதைப் பலகை சொல்லவில்லை. படம் போட்டது போக இடமில்லை.

உடை விஷயத்தில்தான் நிர்வாகத்தின் அக்கறை பொங்கி வழியும். ஆய்வகத்தில் தொங்கும் துணி ஆகாது என்கிறது பாதுகாப்பு விதி. துப்பட்டா இல்லாமல் கல்லூரிக்குள்ளேயே வராதே என்கிறது ஒழுக்க விதி. இரண்டையும் எழுதியது ஒரே அலுவலகம். பன்சன் சுடருக்கு ஒரு சாண் தூரத்தில் செயற்கை இழைத் துப்பட்டாவைப் பின் குத்தி நிற்கும் பெண்ணைக் கேட்டால், எதை மீறினால் அபராதம் என்று சரியாகச் சொல்லிவிடுவாள். அபராதம் ஒழுக்கத்துக்குத்தான். தீப்பிடித்தால் அபராதம் கிடையாது. வெள்ளைக் கோட்டோ, கல்லூரி ஸ்டோரில்தான் வாங்கியாக வேண்டும். பருத்தி விலை அதிகம் என்பதால் பாலியெஸ்டர். தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், கழற்றவும் முடியாது.

2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசிக்குழாயில் எடுத்துக்கொண்டிருந்த 23 வயதுப் பெண்ணின் மேல் தீப்பிடித்தது. ஆய்வகக் கோட் போட்டிருக்கவில்லை, போட்டிருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். 18 நாள் கழித்து இறந்துபோனார். சரியாக ஓராண்டு கழித்து, 2009 டிசம்பர் 29 அன்று, மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் தீ. இளம் ஆய்வாளர்கள் இருவர் கருகினார்கள். 2018 டிசம்பர் 5-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஹைட்ரஜன் சிலிண்டர் வெடித்து ஓர் ஆய்வாளர் போனார். நாட்டின் தலைசிறந்த இடங்களின் கதையே இதுவென்றால், தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் இடங்களில் இதுவரை பெரிதாக ஒன்றும் நடக்காததற்குக் காரணம் விதிப்பலகை அல்ல. அங்கே பெரிதாகச் சோதனையே நடப்பதில்லை. பாதியை ரெக்கார்ட் நோட்டில் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். நம் ஆய்வகப் பாதுகாப்பின் உண்மையான தூண் இந்தக் காப்பியடித்தல்தான்!

லாஸ் ஏஞ்சலிஸ் விஷயத்தில் இன்னொன்று உண்டு. மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை பல்கலைக்கழகத்துக்கு 31,875 டாலர் அபராதம் போட்டது, பேராசிரியர் மேல் குற்ற வழக்கும் வந்தது. அவ்வளவும் நடந்தது அந்தப் பெண் சம்பளம் வாங்கும் ஆய்வு உதவியாளர் என்பதால். கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவியாக இருந்திருந்தால் அந்தத் துறைக்கு உள்ளே நுழையவே அதிகாரம் இருந்திருக்காது. இங்கும் அதே கதைதான். 1948-இன் தொழிற்சாலைச் சட்டமானாலும், அதன் இடத்துக்கென எழுதிய 2020-இன் பாதுகாப்புத் தொகுப்பானாலும், பேசுவது தொழிலாளியைப் பற்றி. மாணவி தொழிலாளி அல்ல. சிவகாசியில் கூலிக்கு மருந்து அடைக்கும் பெண்ணைச் சட்டம் காகிதத்திலாவது ஏறெடுத்துப் பார்க்கிறது. பணம் கட்டி அமிலம் ஊற்றும் பெண்ணை அதுவும் பார்ப்பதில்லை. சட்டம் பார்த்துவிட்டால் மட்டும் என்ன வாழ்ந்தது என்று தூத்துக்குடிக்காரன் கேட்பான். அவனுக்குத் தெரியும்: ஒரு தாமிர ஆலையின் கதவைச் சாத்தும் அரசாணை வந்தது 2018 மே 28-இல், அதற்குச் சில நாள் முன்னால் 13 பேரைச் சுட்டுக் கிடத்த வேண்டியிருந்தது.

சட்டம் கைவிட்ட இடத்தில் கல்லூரி ஒரு படிவத்தோடு வந்து நிற்கும். சேர்க்கை நாளன்றே நீட்டுவார்கள்: விதிகளை வாசித்துப் புரிந்துகொண்டேன், மீறி ஏதும் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. கீழே மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து. கையெழுத்து வராவிட்டால் மைப்பெட்டி தயாராக இருக்கும். தளைநாரைத் தினமும் இழுத்துப் பார்த்துவிட்டு மரத்தில் கால் வைக்கிற மனிதர், தன் மகள் ஏறப்போகிற மரத்தின் தளையைச் சோதிக்க யாருக்கும் கடமையில்லை என்பதற்குப் பெருவிரல் ரேகை வைத்துக் கொடுக்கிறார். கூடவே உடைசல் கட்டணம் என்று ஒரு தொகை. உடையும் பிப்பெட்டுக்கு விலைப்பட்டியல் இருக்கிறது. கண்ணுக்கு இல்லை.

பிள்ளைகள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. சோடியத் துண்டைத் தொட்டியில் போட்டு வேடிக்கை பார்க்காத வகுப்பு கிடையாது. ஆனால் வேடிக்கைக்காரப் பையன் எவனும் செய்யாததை டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை செய்து காட்டியது. 1968-இல் வாங்கிய காமா கதிர்க் கருவி ஒன்று 1985-க்குப் பிறகு பயன்பாடில்லாமல் கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய இரும்போடு இரும்பாக ஏலம் விட்டார்கள். மாயாபுரிச் சந்தையில் ஈய உறையைப் பெயர்த்தார்கள்; உள்ளே கோபால்ட்-60. பளபளக்கிறதே என்று ஒருவர் துண்டு ஒன்றைப் பர்ஸில் வைத்துப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டார். ஏப்ரலில் ஒரு கூலியாள் இறந்தார், இன்னும் ஏழு பேர் கதிர்வீச்சில் வெந்தார்கள். செத்தவர் எந்த விதிப்பலகையையும் மீறவில்லை. மீறியவர்களுக்கு முனைவர் பட்டம் இருந்தது.

கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது என்றால் மட்டும் ஆய்வகம் ஆய்வகமாகும். ஒரு வாரத்தில் சுண்ணாம்பு அடிப்பார்கள், தீயணைப்பான் பளபளக்கும், முதலுதவிப் பெட்டியின் சாவி கிடைத்துவிடும், புகைக்கூண்டிலிருந்து விடைத்தாள்கள் வெளியேறும், பல்ப் பீரோவைவிட்டு இறங்கும். குழு காரேறியதும் எல்லாம் பழைய இடத்துக்குப் போகும். போலோ பார்த்த மந்திரக்காரனுக்கும் அந்தி வரைதான் கணக்கு. கூலிக் கணக்கில்தான் வித்தியாசம். 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தின் ஒரு கல்வி நிறுவனத்துக்கு நல்ல தரம் போட லஞ்சம் கைமாறியது என்ற குற்றச்சாட்டில் நாக் ஆய்வுக் குழுவின் தலைவர் உட்பட 10 பேரை சிபிஐ கைது செய்தது. ரொக்கமாக 37 லட்சம் ரூபாயும், மடிக்கணினிகளும் கைப்பற்றியதாகச் சொன்னது. குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் வேலை. சுறா கட்டிக்கு மடிக்கணினி கேட்கத் தோன்றியிருக்காது.

அரசுக் கல்லூரியும் அரசு உதவி பெறும் கல்லூரியும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். வேம்பாரிலோ வைப்பாரிலோ இருக்கும் எந்தப் பெற்றோரும் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் எத்தனை மாணவருக்கு எத்தனை பிப்பெட் பல்ப்? புகைக்கூண்டின் மோட்டாரைக் கடைசியாகப் பழுது பார்த்த ரசீதின் நகல் தருக. தீயணைப்பானை மறுபடி நிரப்பிய தேதி என்ன? கண் கழுவும் குழாய்க்குத் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, அந்தத் தொட்டியில் இன்று தண்ணீர் இருக்கிறதா? கடந்த ஐந்து ஆண்டில் வசூலித்த உடைசல் கட்டணம் எவ்வளவு, அதில் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கியது எவ்வளவு? மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட அந்த உறுதிமொழிப் படிவத்தில், முதல்வர் கையெழுத்திட ஒதுக்கிய இடம் எந்த வரியில் இருக்கிறது?